நானூறு பாகையில் ஐயாயிரம் மணி

ஆவணி 3

காலை ஒன்பதரைக்கு மூவாயிரம் மணி நேரம் நிறைந்தது. உலையைத் திறந்து மூன்று துண்டுகளை இடுக்கியால் எடுத்துக் கல்மேல் ஆறவைத்தேன். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவே. வெயிலில் காய்ந்த வைக்கோலின் மஞ்சள் அவற்றின்மேல் ஏறியிருந்தது. ஆறியபின் எஸ்தர் அம்மையார் அவற்றை ஒவ்வொன்றாக ஊசற்சம்மட்டியின் வழியில் நிறுத்தினார். உயரத்திலிருந்து வீசிவரும் அச்சம்மட்டி, துண்டை முறிப்பதில் எவ்வளவு ஆற்றலை இழக்கிறதோ, அதுவே அத்துண்டின் உறுதி. புத்தம்புதுத் துண்டு இருநூற்றுப் பத்து அலகு தாங்கியது. ஆயிரம் மணி வெந்தது நூற்றைம்பது. இன்றையது எண்பத்து நான்கு. நூற்றுக்குக் கீழ் இறங்கலாகாது என்பது விதி.

"பிஸ்கட்டு மாதிரி ஒடையுது சார்," என்றார் எஸ்தர். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஆய்வுக்கூடத்தில் உலோகங்களை முறித்து வருபவர். அவர் வாயிலிருந்து உவமை வருவது அரிது.

இரும்பும் குரோமியமும் உருகும்போது ஒன்றாய்க் கலப்பவை. உறைந்த பின்னும் அவை கலந்தே நிற்கும். ஆயின் நானூறு பாகை வெப்பத்தில் மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே ஒரு நகர்வு தொடங்கும். இரும்பு இரும்பை நாடும். குரோமியம் குரோமியத்தை நாடும். எல்லைக்கோடு ஏதும் முதலில் இராது. ஓரிடத்தில் சற்று மிகுதி, அதனை அடுத்துச் சற்றுக் குறைவு. மிகுந்தது மேலும் மிகும். குறைந்தது மேலும் குறையும். எடை மாறாது, வடிவம் மாறாது, பளபளப்பும் மாறாது. ஓங்கி ஓர் அடி விழும்போதுதான் உள்ளே நடந்தது வெளியே தெரியும்.

கல்மேட்டு இரசாயனத் தொழிற்சாலையின் நீராவிக் குழாயில் இதே கலவையால் வார்த்த மூன்று வால்வுகள் உள்ளன. எங்கள் உலையும் அவர்கள் குழாயும் சென்ற சித்திரையில் ஒரே வாரத்தில் சூடேறின. தங்கள் புதுக்கலவை எக்காலத்தும் பிரியாது என்பது வார்த்துக் கொடுத்தவர்களின் கூற்று. அது மெய்யா பொய்யா என்று சொல்வது என் பணி. அவ்வால்வுகளின் அருகே நாளும் எட்டு மணி நேரம் நிற்பவர்களுள் ஒருவன் மாதேசன். என் மனைவி பூங்கோதையின் தம்பி.

ஆவணி 5

துறைத்தலைவர் பத்மநாபனிடம் எண்பத்து நான்கைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்கு வழுதி? அஞ்சாயிரம் மணிக்கு ரிப்போர்ட். நடுவுல ஒரு நம்பரைத் தூக்கிப் போட்டா அவங்க பதறுவாங்க, நாம பதில் சொல்லிட்டே இருக்கணும். அஞ்சாயிரம் வரட்டும்."

மேடையில் என்னைச் 'சொல்லேறு' இளவழுதி என்று அழைக்கிறார்கள். பத்மநாபனின் அறையில் அந்த ஏறு மூக்கணாங்கயிறு பூட்டிய மாடாகி வெளியே வந்தது.

ஆவணி 19

முற்பகலில் ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லை. எஸ்தரும் நானும் வழக்கம்போல் உலையை மூன்று படிகளில் ஏற்றினோம். இருநூற்றில் நிறுத்தி, முந்நூற்றில் நிறுத்தி, பிறகே நானூறு. இந்தக் கிழட்டு உலையை நேரே நானூற்றுக்கு விட்டால் குறியைத் தாண்டி அறுநூறு வரை ஓடிவிடும். அங்கே ஒரு மணி நேரம் நின்றாலே பிரிந்தவை யாவும் மீண்டும் கலந்துவிடும். நான்கு மாத உழைப்பு பாழ். படி தாண்டாமல் காவல் நின்றதில் இரண்டரை மணி நேரம் போயிற்று. மாலையில் எரிவாயு உருளை மாற்றினேன். கடைவாய்ப்பல் வலிக்கிறது.

புரட்டாசி 8

மாதேசன் வந்திருந்தான். ஏழாண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. முப்பத்தோரு வயது; இரண்டு பெண் குழந்தைகள்.

"மாமா, நேத்து உங்க பேச்சு யூடியூபுல பாத்தனுங்க. கைதட்டுனேன்."

"எந்தப் பகுதி பிடித்தது?"

"பாதி புரியலீங்க மாமா. ஆனா நீங்க கையைத் தூக்குன எடத்துல எல்லாம் தட்டிப்புட்டேன்."

பூங்கோதை சிரித்த சிரிப்பில் குழம்புக் கரண்டி கீழே விழுந்தது. வால்வுகளின் அருகில் வெப்பம் எப்படி என்று கேட்டேன். "சும்மா திகுதிகுன்னு இருக்குமுங்க. குளுருக்கு நல்லா இருக்கும்," என்றான். எண்பத்து நான்கைச் சொல்லவில்லை. அலுவல் மறைபொருள்.

ஐப்பசி 18

நண்பகலில் மின்மாற்றி வெடித்து ஆய்வுக்கூடம் முழுவதும் இருண்டது. எஸ்தர் உறவினர் திருமணத்திற்காக விடுப்பு. இரண்டரைக்கு மின்சாரம் திரும்பியது. உலையை ஏற்றிவிட்டு இரண்டு நாற்பதுக்குப் புறப்பட்டேன். ஐந்து மணிக்கு நாமக்கல்லில் பட்டிமன்றம்: சிறந்தது சொல்லா, செயலா? சொல்லின் அணிக்கு நானே தலைவன். அரங்கு நிறைந்து வெளியிலும் நின்றார்கள். நடுவர் தீர்ப்பை வாசிக்கும் முன்பே மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். பொன்னாடைகள் நான்கு. வழியில் பூங்கோதைக்கு மல்லிகை வாங்கினேன்.

ஐப்பசி 19

உலை நானூற்றில் அசையாது நிற்கிறது. வெப்பத்தை வரையும் தாள் நேற்றுச் சிக்கிக்கொண்டதால் பிற்பகல் இரண்டரை முதல் காலை வரை கோடு இல்லை. புதுச்சுருள் மாட்டினேன்.

ஐப்பசி 24

ஐயாயிரம் மணி. துண்டுகளை வெளியே எடுத்ததும் எஸ்தர் அம்மையார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது என்ன, ஊதா கலர்ல இருக்கு?"

நெடுநாள் வெந்தால் நிறம் ஆழ்வது இயல்பு என்றேன்.

"மூவாயிரத்துக்கு வைக்கோல் கலரு சார். இது கத்திரிக்காய் மாதிரி இருக்கே."

நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது அறிவியல் அன்று என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். அவர் துண்டைச் சம்மட்டியின் வழியில் நிறுத்தினார். சம்மட்டி வீசியது. நூற்றுத் தொண்ணூற்றாறு.

மூன்று துண்டுகளும் அப்படியே. முறிந்த பரப்பு நார்நாராய்க் கிழிந்து, புத்தம்புது உலோகம் முறிவதைப்போல் இருந்தது.

"போன உசுரு திரும்பி வந்துருச்சுங்களா சார்?" என்றார் எஸ்தர். நான் எண்களைப் பதிந்துகொண்டிருந்தேன்.

கார்த்திகை 2

பத்மநாபன் மகிழ்ந்தார். ஒன்று எண்பத்து நான்கு, ஒன்று நூற்றுத் தொண்ணூற்றாறு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினார். நூற்று நாற்பது. விதி கேட்பது நூறு. "ஆவணியில எங்கேயோ டெஸ்டிங் எர்ரர். விடுங்க," என்றார். அறிக்கையின் இறுதியில் இருவர் கையெழுத்திட வேண்டும். முதலில் அவர் இட்டார்.

பல் பிடுங்கினேன். பிடுங்கிய இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தமையால் எவருடனும் பேச நேரவில்லை.

கார்த்திகை 15

மாதேசன் லட்டுப் பெட்டியோடு வந்தான். எங்கள் அறிக்கை போனதும், சோதனை நிலையில் இருந்த நீராவிப் பிரிவு நிலையான பிரிவாயிற்றாம்; அங்கே நின்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒன்பது பேருக்கும் நிரந்தரப் பணி ஆணை. பூங்கோதையின் காலில் விழுந்தான். பிறகு என் காலிலும்.

"எல்லாம் உங்க கையெழுத்துங்க மாமா. எங்க இஞ்சினியரே சொன்னாரு."

லட்டை என் வாயில் திணித்தான். பல் பிடுங்கிய பக்கத்தாலேயே மென்றேன்.

கார்த்திகை 27

ஆத்தூர் தமிழ் மன்றத்தின் அழைப்பை மறுத்துவிட்டேன். தொண்டை சரியில்லை என்று எழுதினேன்.

மார்கழி 4

எஸ்தர் அம்மையார் தம் இழுப்பறையிலிருந்து முறிந்த துண்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். இடப்பக்கம் வைக்கோல் நிறம். வலப்பக்கம் கத்திரிக்காய் நிறம்.

"ரெண்டும் எவ்வளவு கெட்டின்னு பாத்தேன் சார், நீங்க சொல்லாமயே. மூவாயிரம் மணி பீஸு கல்லு மாதிரி இருக்கு, அதான் படக்குனு ஒடையுது. அஞ்சாயிரம் பீஸு புதுசு மாதிரி மெத்துனு இருக்கு. நான் படிச்சது பத்தாவதுதான். ஆனா எரும கன்னுக்குட்டியாத் திரும்பாது சார்."

கத்திரிக்காய் நிறத் துண்டைக் கையில் எடுத்தேன்.

"கரண்டு போன அன்னைக்கு மூணு படியா ஏத்துனீங்களா?"

"எஸ்தர் அம்மா..."

"நான் லீவுல இல்லாம இருந்திருந்தா நீங்க நாமக்கல் போயிருக்கலாம் சார். அதான் எனக்கு மனசு கேக்கல." இதைச் சொல்லிவிட்டு, தவறு தம்முடையது என்பதுபோல் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே எழுதிவிடுகிறேன். ஐப்பசி 18 அன்று உலையை நேரே நானூற்றுக்கு விட்டேன். அது குறியைத் தாண்டி ஓடியிருக்கும்; அந்தக் கத்திரிக்காய் நிறமே சாட்சி. எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்குக் கோடு இல்லை. தாள் சிக்கியது மட்டும் என் செயல் அன்று. ஏழு மாதங்களாய்ப் பிரிந்தவை அந்த ஒரு மாலையில் மீண்டும் கலந்தன. பிறகு நாங்கள் முறித்தது ஏழு மாத உலோகத்தை அன்று. ஆறு நாள் உலோகத்தை.

கல்மேட்டுக் குழாயில் உள்ளவற்றுக்கு அப்படியொரு மாலை வாய்க்கவில்லை.

மார்கழி 5

பத்மநாபனிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். 

"வேற யாருக்குத் தெரியும்?"

"எஸ்தர் அம்மாவுக்கு."

"வழுதி, நான் உங்கமேல கோவப்படல. எனக்கும் ஒரு கையெழுத்து இருக்கே அதுல. ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கணும்னா கையில புது ரிசல்ட் வேணும். வெறும் கையோட போயி, 'நாங்க தப்பு பண்ணிட்டோம்'னு சொல்ல முடியாது. திரும்ப ஆரம்பிங்க."

"அதற்கு மாதக்கணக்கில் ஆகுமே."

"ஆகும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

 வெப்பத்தைக் கூட்டினால் பிரிவு விரைவதில்லை, குலைகிறது. குறைத்தாலோ ஆண்டுகள் ஆகும். இவ்வுலகில் பணத்தாலும் பதவியாலும் விரைவுபடுத்த முடியாதவை சில உண்டு. நானூறு பாகையில் மூவாயிரம் மணி என்பது மூவாயிரம் மணிதான்.

மார்கழி 10

புதுத்துண்டுகளை உலையில் இட்டோம். படிப்படியாக ஏற்றினோம். மூவாயிரம் மணி நிறையும்போது சித்திரை பாதி கடந்திருக்கும். குழாயில் உள்ள வால்வுகளுக்கோ அன்று ஒன்பதாயிரம் ஆகியிருக்கும்.

மார்கழி 16

ஆலைப் பாதுகாப்புக்கு உரிய அரசு அலுவலகத்துக்குப் பதிவஞ்சலில் நடந்ததை எழுதினேன், என் பெயரிட்டு.

தை 2

மாட்டுப் பொங்கல். மாதேசனின் வீட்டில் விருந்து. அவன் குழந்தைகள் கன்றுக்குட்டியின் கொம்பில்லாத தலைக்கு வண்ணம் பூசி, அதன் காதுகளையும் விடவில்லை. இலையில் உட்கார்ந்தபோது வால்வுகளைப் பற்றிக் கேட்டேன். சூடாக இருக்கும் வரை இவ்வுலோகம் ஓரளவு வளைந்து கொடுக்கும். குளிர்ந்த பின் விழும் அடியே கொடியது. எனவே ஆலையை நிறுத்தி மீண்டும் இயக்கும் நாளில் என்ன செய்கிறீர்கள் என்றேன்.

"குளுந்தா கட்டிக்குமுங்க மாமா. சக்கரம் திருகவே திருகாது. பத்து கிலோ சம்மட்டி ஒண்ணு வெச்சிருக்கோம். நான் ரெண்டு, அங்கமுத்தண்ணன் ரெண்டு, மாத்தி மாத்திப் போடுவோம். எட்டு, பத்து அடில தெறந்துக்கும்."

"எங்கே அடிப்பீர்கள்?"

"கழுத்துலதானுங்க. அங்க அடிச்சாதான் வழிக்கு வரும்."

பூங்கோதை எனக்கு இன்னும் ஒரு கரண்டி பொங்கல் வைத்தாள். போதும் என்று சொல்லக் கைநீட்டினேன். இலையை மடித்தேன்.

தை 9

பத்மநாபனின் விருப்பத்தை மீறிக் கல்மேட்டுக்குச் சென்றேன். மேசையைச் சுற்றி நால்வர். தலைமைப் பொறியாளர் கிருபாகரன் இளைஞர், கூர்மையானவர், தீயவர் அல்லர். நடந்ததை முழுவதும் சொன்னேன். ஐயாயிரம் மணி முடிவைத் தள்ளுங்கள், மூவாயிரம் மணி முடிவை நம்புங்கள் என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் ஒரே உலைதானே?"

"ஆம்."

"ஒரு நாள் உலை தப்பாப் போச்சு, உங்களுக்கே ஆறு வாரம் கழிச்சுதான் உறுதியாத் தெரிஞ்சுது. அப்ப அதுக்கு முன்னாடி மூவாயிரம் மணியில அது ஒழுங்கா இருந்துச்சுன்னு எப்படி நம்பறது?"

வரைதாள்கள் இருக்கின்றன என்றேன். அந்த வரைதாள்தானே ஒருநாள் சிக்கிக்கொண்டது என்றார். முறிந்த துண்டுகளின் கெட்டித்தன்மையைச் சொன்னேன். அளந்தவர் யார் என்று கேட்டார். எஸ்தர் அம்மையாரின் படிப்பைக் கேட்டார்.

"புது வால்வுக்கு இன்னைக்கு ஆர்டர் போட்டாலும் வர ஒன்பது மாசம். அதுவரைக்கும் ஆலையை நிறுத்தச் சொல்றீங்க. எதை வெச்சு? எங்க ஃபைல்ல உங்க கையெழுத்தோட 'தகுதி உடையது'ன்னு ஒரு சர்டிஃபிகேட் இருக்கு. அதை எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததை வெச்சு நானூறு பேருக்கு வேலை இல்லைன்னு நான் சொல்ல முடியுமா?"

பத்தாயிரம் பேரை ஒரே மூச்சில் எழுந்து நிற்கச் செய்தவன் நான். நால்வருள் ஒருவருடைய புருவத்தைக்கூட உயர்த்த இயலவில்லை. நான் பொய்யை எடுக்கச் சென்றேன். மெய்யையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

தை 10

பூங்கோதையிடம் சொன்னேன். இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"நாமக்கல்லுக்கு ஒரு போன் போட்டு 'வர லேட்டாகும்'னு சொல்லியிருந்தா, வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க?"

"இல்லை."

"அன்னைக்குத்தான் எனக்குப் பூ வாங்கிட்டு வந்தீங்க." சட்டியை மூடிவைத்தாள். "தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

தை 24

அரசு அலுவலகத்திலிருந்து விடை வந்தது. முறையீட்டைக் கருத, பொருளின் சோதனைச் சான்றிதழை இணைத்து அனுப்புக என்கிறார்கள். என்னிடம் உள்ள சான்றிதழ் ஒன்றே ஒன்று.

மாசி 20

பாதுகாப்பு நாள் விழா. கல்மேட்டுத் தொழிற்சாலையின் சிறப்புப் பேச்சாளர் நான். வால்வுகளைப் பற்றி ஏதோ வதந்தி உலவுவதாகவும், நானே வந்து பேசினால் தொழிலாளர் அச்சம் தீரும் என்றும் கிருபாகரன் கேட்டிருந்தார். ஒப்புக்கொண்டேன். அச்சத்தைத் தீர்ப்பதற்கு அன்று, ஊட்டுவதற்கு. எளிய சொற்களில் நான்கே வரிகள் என்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் முந்நூறு முகங்கள். முதல் வரிக்கே கைதட்டினார்கள். அவ்வொலி என் காலடியில் புகுந்து நாவில் ஏறியது.

"தோழர்களே! உங்கள் தோளுக்கு அருகே நிற்கிறதே அந்த இரும்பு, அது உறங்குகிறது என்றா எண்ணினீர்கள்? இல்லை! ஒவ்வொரு நொடியும் அது தன்னைத் தானே கூறுபோட்டுக் கொண்டிருக்கிறது! கண்ணுக்குத் தெரியாமல், காதுக்குக் கேட்காமல், கணக்குக்கு அகப்படாமல்! பளபளக்கும் அதன் முகத்தை நம்பாதீர்கள். குளிர்ந்த அதன் கழுத்தில் சம்மட்டியை ஓங்காதீர்கள்! அது இரும்பு அன்று, கண்ணாடி! கண்ணாடி!"

கையை உயர்த்தினேன். கூரை அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் மாதேசன் எழுந்து நின்று தட்டினான். என் தவற்றை மட்டும் கூறவில்லை. நேரம் போதவில்லை.

கைதட்டல் அடங்கியபின் ஒருவர் எழுந்தார். நரைத்த மீசை, எண்ணெய்க் கறை படிந்த சட்டை. அவரே அங்கமுத்து.

"ஐயா, பேச்சு ரொம்ப அருமைங்க. மெய் சிலுத்துப்போச்சு. ஒரே ஒரு சந்தேகம். வர்ற மாசம் ஷட்டவுன். மூணாம் நாள் காலைல தெறக்கோணும். குளுந்து கட்டிக்கும். அடிக்காம எப்படிங்க தெறக்கறது?"

"அடிக்கவே கூடாது."

"செரிங்க, அடிக்கல. அப்பறம்?"

"மெல்லச் சூடேற்ற வேண்டும்."

"எதுலீங்க? டார்ச்சு நெருப்பு வெச்சா பக்கத்துல கேஸு லைனு போவுது. மொத்தமாப் போயிருவோம்."

எங்கோ சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அது எப்பங்க ஒடையும்? ஒரு மாசமா, பத்து வருசமா?"

"தெரியாது."

"நாளைக்கு நாங்க வேலைக்கு வரலாமுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க."

ஒலிவாங்கி என் மூச்சை மட்டும் அரங்கெங்கும் பரப்பியது. கிருபாகரன் எழுந்து வந்து மெல்ல அதை என் கையிலிருந்து வாங்கினார். "சாப்பாடு ஆறிடும், வாங்க எல்லாரும்," என்றார். பிரியாணி. வரிசை நீண்டது.

மாசி 21

குரல் கட்டிவிட்டது.

பங்குனி 16

நாளை ஆலை நிற்கிறது. மாதேசனைப் பேருந்து நிலையத்துத் தேநீர்க்கடைக்கு வரச்சொன்னேன். நாமக்கல்லைச் சொன்னேன். உலையைச் சொன்னேன். உன் நிரந்தர ஆணைக்கு அடியில் இருப்பது என் பொய்க் கையெழுத்து என்றேன். பத்தொன்பதாம் நாள் விடுப்பு எடு என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

தேநீரை முழுவதும் குடித்து முடித்தான்.

"நான் லீவு போட்டா அங்கமுத்தண்ணன் அடிப்பாரு. அவரு போடலீன்னா முருகேசன். வால்வு தெறக்காம நிக்குமுங்களா மாமா?"

"அப்படியானால் எல்லோரும் மறுத்துவிடுங்கள்."

"நிரந்தரமாயி நாலு மாசம்கூட ஆவல. ஏழு வருசம் காத்திருந்தோம்." கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்தான். "நீங்க சொல்லிப்புட்டீங்க. உங்களுக்குப் பாரம் கொறஞ்சுபோச்சு. எனக்கு நாளான்னிக்குக் கழிச்சு ஏ ஷிப்டு, காலைல வேலைங்க மாமா."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பங்குனி 19

காலை ஆறு மணிக்கே கல்மேட்டு வாயிலில் நின்றேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் விட இயலாது என்றார் காவலர். விழாவில் என் பேச்சைக் கேட்டவராம். நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார முடியாமல் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து, நீராவிப் பிரிவுக்கு நேர் வெளியே நின்றேன். நின்றுபோன ஆலைக்குள் காகம் கரைவதுகூடக் கேட்டது.

ஏழு பத்துக்கு முதல் அடி.

இரும்பின்மேல் இரும்பு. இரண்டாவது. மூன்றாவது. இரண்டு அவன், இரண்டு அவர் என்று சொல்லியிருந்தான். மூன்றாவதும் நான்காவதும் சற்று மெதுவாக விழுந்தன, வயதானவரின் அடி. ஐந்தாவது அவனுடையது. ஓசை வேறாகிறதா என்று செவியைச் சுவரில் வைத்தேன். சுவர் குளிர்ந்திருந்தது. கத்தினால் கேட்குமா என்று எண்ணினேன். கேட்டாலும் என்ன சொல்லிக் கத்துவது? ஆறு. ஏழு.

எட்டாவது வரவில்லை.

 பின்பு ஒரு சீறல், நீண்டு, உயர்ந்து, சீராகிக் குழாய்களில் ஓடியது. கூரையின்மேல் வெண்ணிற ஆவி எழுந்தது. ஆலை ஓடத் தொடங்கிவிட்டது.

இரண்டே காலுக்கு மாதேசன் வெளியே வந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்தான். சட்டை முழுக்க வியர்வை. பற்கள் அனைத்தும் தெரியச் சிரித்தான்.

"ஏழே அடிங்க மாமா! கப்புனு தெறந்துருச்சு! நீங்க சொன்னீங்களேன்னு எனக்கு மொத அடில கையே வரலீங்க. கண்ணை மூடிட்டுத்தான் போட்டேன். ஒண்ணும் ஆகல!"

அவன் தோளைத் தொட்டேன். எலும்பும் தசையும் சூடும். விடாமல் பிடித்திருந்தேன்.

அங்கமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தீங்களாங்க ஐயா, கண்ணாடின்னீங்க. கண்ணாடி ஏழு அடி தாங்குமுங்களா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்து, "சும்மா வெளையாட்டுக்குங்க. உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதுங்களா," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இன்று உடையாமை நாளை உடையாமைக்குச் சான்று அன்று. இன்றைய ஏழு அடிகளில் ஓர் இழையளவு வெடிப்பு உள்ளே பிறந்திருக்கலாம். அதை எவரும் காணார். ஒருகால் நானே தவறியிருக்கலாம். அவ்வால்வுகள் இருபதாண்டு நிற்கலாம். இவற்றுள் எதையும் அந்தச் சாலையில் நின்று சொல்ல என்னிடம் சொல் இல்லை. இனி நான் என்ன சொன்னாலும் அது ஏழு அடிக்குத் தோற்ற சொல்.

"ஐப்பசில அடுத்த ஷட்டவுன் மாமா," என்றான் மாதேசன், வண்டியை உதைத்துக் கிளப்பியபடி. "அப்ப பாஸ் வாங்கித் தர்றனுங்க. நீங்களும் உள்ள வந்து ஒரு அடி போட்டுப் பாருங்க. பயம் போயிரும்."

பின்னால் ஏறி அமர்ந்து, சரி என்றேன்.